ஒப்பந்தத்தை ஆளும் சட்டமும் அதைத் தேடும் தொழிலும்

நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிபத்தில் எழுதப்படும் ஒப்பந்தங்களில், விலை, அளவு, தரம், தவணை ஆகியவை பற்றிய ஷரத்துகள் எல்லாம் பேசி முடிந்தபின் ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளாக இடம்பெறும் ஒரு ஷரத்து, தகராறு எழும் நாள்வரை பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒப்பந்தம் இன்ன நாட்டுச் சட்டத்தால் ஆளப்படும் என்று அது சொல்லும். சில ஒப்பந்தங்களில் அந்த வரியே இராது. வேறு சிலவற்றில், முன்பு யாருக்கோ எழுதிய ஒப்பந்தத்திலிருந்து படியெடுக்கப்பட்டதால், இரு தரப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு நாட்டின் பெயர் அங்கே நிற்கும். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வராமல் நின்றபின் கட்சிக்காரர் தூக்கிக்கொண்டு வரும் கோப்பில், வழக்கறிஞர் முதலில் புரட்ட வேண்டியது அந்தக் கடைசிப் பக்கமே என்பது இத்தொழிலில் நாள்பட்டவர்கள் பழகிக்கொண்ட ஒழுங்கு.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தால் பிறக்கும் உரிமைகளையும் கடமைகளையும் எந்த நாட்டுச் சட்டத்தைக் கொண்டு அளப்பது என்பது முதலாவது. இதுவே ‘ஆளும் சட்டம்’ எனப்படும். தகராற்றை எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது இரண்டாவது. அது அதிகார வரம்பு. நீதிமன்றத்தை விட்டு நடுவர்களிடம் போவதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நடுவர் நடவடிக்கையின் சட்டபூர்வமான அமர்விடம் எது என்பது மூன்றாவது. திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் நிறுவனத்தின் உரிமையாளர், வெளிநாட்டு பையர் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஆங்கிலேயச் சட்டம் என்ற சொல்லைக் கண்டவுடன், இனி லண்டனுக்குப் போய்த்தான் வழக்காட வேண்டும் என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. அந்த முடிவு பல சமயம் தவறு. இங்கிலாந்துச் சட்டத்தால் ஆளப்படும் ஒப்பந்தத்தைக் கோயம்புத்தூர் நீதிமன்றம் விசாரிக்கலாம்; இந்தியச் சட்டத்தால் ஆளப்படும் ஒப்பந்தத்தை சிங்கப்பூரில் அமர்ந்த நடுவர்கள் தீர்க்கலாம்.

இந்த மூன்றையும் பிரித்தபிறகு எழும் கேள்விதான் அனுபவமில்லாதவர் கேட்க மறப்பது: எந்தச் சட்டம் என்று யாரிடம் கேட்பது? ஒப்பந்தம் மௌனமாக இருக்குமிடத்தில் ஆளும் சட்டத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமும் தன் சொந்த விதிகளையே கையாளும். பல நாடுகளைத் தொடும் வழக்கில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று தீர்மானிக்கும் இந்த விதித் தொகுதிக்குத் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்று பெயர். பெயரில் பன்னாடு இருந்தாலும் அது ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுச் சட்டமே. ஆகவே ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விடை கிடைக்கலாம். கிடைக்கும் விடை ஒன்றாகவே இருந்தாலும், அதை அடையும் வழி வேறாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் திருப்பூர் நிறுவனம் ஒன்று ஜெர்மானிய வணிகருக்கு ஆடை விற்றதாகக் கொள்ளலாம். வழக்கு ஜெர்மனியில் நடந்தால் அங்குள்ள நீதிபதி ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘முதலாம் ரோம்’ ஒழுங்குமுறையை, அதாவது 17 டிசம்பர் 2009 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும் விதித் தொகுப்பை, எடுத்துப் பார்ப்பார். பொருள் விற்பனையில் விற்பவரின் வழக்கமான இருப்பிடத்துச் சட்டமே ஆளும் என்ற நேரான விதி அதில் இருப்பதால், இந்தியச் சட்டம் என்ற விடை அவருக்கு விரைவில் கிடைத்துவிடும். இந்தியாவிலோ இதற்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகள் வழி வளர்ந்த ‘உரிய சட்டம்’ என்னும் கோட்பாடே உண்டு. கட்சிகள் வெளிப்படையாகத் தேர்ந்த சட்டம் எது, அது இல்லையெனில் ஒப்பந்தத்தின் ஷரத்துகளிலிருந்தும் சூழ்நிலையிலிருந்தும் ஊகிக்கக்கூடிய எண்ணம் எது, அதுவும் தெளிவில்லையெனில் ஒப்பந்தம் எந்த நாட்டோடு மிக நெருங்கிய, மெய்யான தொடர்புடையது என்று இந்திய நீதிபதி படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்தக் கோட்பாடு காகிதத்தில் எவ்வளவு எளிதோ, வழக்கில் அவ்வளவு கடுமையானது என்பதை உச்ச நீதிமன்றத்தின் 1955-ஆம் ஆண்டுத் தீர்ப்பான டெல்லி கிளாத் அண்டு ஜெனரல் மில்ஸ் எதிர் ஹர்னாம் சிங் வழக்கைப் போலக் காட்டுவது வேறில்லை. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட துணி ஆலை நிறுவனத்துக்கு லயால்பூரில், அதாவது இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் எனப்படும் நகரில், கிளை இருந்தது. அங்கே துணி வியாபாரம் செய்துவந்த கூட்டு நிறுவனம் ஒன்று, ஆலையின் கிளையில் பணம் கட்டிச் சரக்கு எடுத்துவந்தது; கணக்கில் அதற்கு வரவேண்டிய பாக்கி இருந்தது. 1947-இல் பிரிவினை வந்தது. கூட்டாளிகள் உயிர் தப்பி இந்தியாவுக்கு வந்து, பாக்கியை டெல்லியில் கேட்டனர். இதற்கிடையே, வெளியேறியவர்களுக்குச் சேரவேண்டிய கடன்களையெல்லாம் அவர்களது சொத்துகளின் பாதுகாவலரிடம் செலுத்த வேண்டும் என்று பாகிஸ்தானில் சட்டம் வந்துவிட்டிருந்தது; நிறுவனமும் அங்கே செலுத்திவிட்டது.

ஒப்பந்தம் செய்யப்பட்டபோது இரு ஊர்களும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ் இருந்தன என்பதே இவ்வழக்கின் சிக்கல். எந்த நாட்டுச் சட்டம் என்ற எண்ணம் கட்சிகளுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. ஊகிப்பதற்கு எண்ணம் ஏதுமில்லை. நீதிபதி விவியன் போஸ், கட்சிகளின் எண்ணத்தைத் தேடும் கொள்கையையும் நெருங்கிய தொடர்பைத் தேடும் கொள்கையையும் நிறுத்துப் பார்த்து, ஒப்பந்தத்தின் கூறுகள் லயால்பூரிலேயே அடர்ந்து கிடக்கின்றன என்று கண்டார். வியாபாரம் அங்கே, பணம் கட்டியது அங்கே, திருப்பித் தரவேண்டியதும் அங்கே. எனவே உரிய சட்டம் லயால்பூரில் நடப்பில் உள்ள சட்டம். அந்தச் சட்டம் பின்னாளில் பாகிஸ்தான் சட்டமாக மாறியிருந்தாலும் அதுவே ஆளும். அதன்படி பாதுகாவலரிடம் செலுத்தியது கடனைத் தீர்த்துவிட்டது. அகதிகளாக வந்தவர்கள் தோற்றனர். மனம் ஒப்பாத முடிவுதான். ஆனால் எதிர்மாறாகத் தீர்த்திருந்தால் நிறுவனம் ஒரே கடனை இருமுறை செலுத்த நேர்ந்திருக்கும். ஆளும் சட்டத்தைத் தேர்வது அச்சட்டத்தின் அன்றைய வாசகத்தை மட்டும் தேர்வதாகாது, அந்த நாட்டில் பின்னர் நேரக்கூடிய மாற்றங்களையும் சேர்த்தே ஏற்பதாகும் என்பது இத்தீர்ப்பிலிருந்து ஒப்பந்தம் எழுதுவோர் எடுத்துக்கொள்ள வேண்டியது.

கட்சிகள் வெளிப்படையாகவே சட்டத்தைப் பெயர் சொல்லியிருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக அதற்குப் பணிகின்றன. இதற்கு மூலமாகக் காட்டப்படுவது 1939-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த வீட்டா ஃபுட் வழக்கு. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து நியூயார்க்குக்கு ஹெர்ரிங் மீன் ஏற்றிச் சென்ற கப்பல் நோவா ஸ்கோஷியாக் கரையில் தரைதட்டியது; இங்கிலாந்தோடு அந்தச் சரக்குக்கு யாதொரு உறவும் இல்லை; ஆனால் கப்பல் சரக்குச் சீட்டில், அதாவது வணிகர்கள் பில் ஆஃப் லேடிங் என்று சொல்லும் ஆவணத்தில், ஆங்கிலேயச் சட்டம் ஆளும் என்று அச்சிட்டிருந்தது. நல்லெண்ணத்தோடும் சட்டத்துக்கு உட்பட்டும் செய்த தேர்வு, பொதுக் கொள்கைக்கு விரோதமில்லாதவரை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நியூயார்க் மாநிலம் இதை இன்னும் வெளிப்படையாக்கி, 2,50,000 டாலருக்குக் குறையாத ஒப்பந்தங்களில் அம்மாநிலத்தோடு தொடர்பே இல்லாதவர்களும் அதன் சட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. சட்டமும் ஓர் ஏற்றுமதிச் சரக்குதான் போலும்.

தேர்ந்த சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் தேர்வதே நடைமுறையில் அதிகம் காணும் குறை. ஜெர்மானியச் சட்டம் என்று எழுதினால் ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பு மட்டுமே பொருந்தும் என்று இரு தரப்பும் எண்ணியிருக்கும். ஆனால் நாடுகளுக்கிடையேயான பொருள் விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை ஜெர்மனி ஏற்றிருப்பதால், இத்தகைய விற்பனைக்கு அவ்வுடன்படிக்கை ஜெர்மானியச் சட்டத்தின் பகுதியாகவே உள்ளே வந்துவிடும். இந்தியா அதில் சேரவில்லை, இங்கிலாந்தும் சேரவில்லை. அந்த உடன்படிக்கை வேண்டாமெனில், வேண்டாம் என்று ஷரத்தில் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

சட்டத்துக்குச் சட்டம் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கும் கட்சிக்காரருக்கு, இந்திய, ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டங்களை அருகருகே வைத்துக் காட்டுவதே போதுமான விடை. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்ற எண்ணத்தில் இரண்டும் ஒன்றே எனக் கருதப்படுகிறது. ஆயினும், வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படும் பிரதிபலன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வரவேண்டும் என்பது ஆங்கிலேய விதி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ அது வேறெவரிடமிருந்தும் வரலாம் என்கிறது. மூதாட்டி ஒருவர் மகளுக்கு எழுதிக்கொடுத்த நிலத்துக்கு ஈடாக, தாயின் உறவினருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக மகள் ஒப்புக்கொண்ட சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில், அந்த வாக்கு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் வந்த பத்தாண்டுகளுக்குள் தீர்த்தது. வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற கட்டுப்பாடு நியாயமானதாக இருந்தால் இங்கிலாந்தில் செல்லும். இந்தியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது பெரும்பாலும் வெற்றுத்தாளுக்குச் சமம்.

ஷரத்து இல்லாதபோது தடயங்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தான இடம், நிறைவேற்ற வேண்டிய இடம், கட்சிகளின் தொழிலிடம், நாணயம், மொழி, படிவம் ஆகியவை எல்லாம் எடைபோடப்படும். இவற்றுள் கையெழுத்தான இடத்துக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை; மின்னஞ்சலில் முடியும் பேரத்துக்கு இடமென்று எதைச் சொல்வது? படிவம் சில சமயம் மற்ற அனைத்தையும் வென்றுவிடும். 1983-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த அமின் ரஷீத் வழக்கில், துபாயில் தொழில் நடத்திய நிறுவனம் தன் கப்பலுக்குக் குவைத் காப்பீட்டு நிறுவனத்திடம் காப்பீடு எடுத்திருந்தது. பத்திரமோ லண்டன் லாயிட்ஸ் படிவத்தைத் தழுவியது. குவைத்தில் அப்போது கடல்சார் காப்பீட்டுக்கென்று சட்டமே இல்லை. அந்தப் படிவத்தின் சொற்களுக்கு ஆங்கிலேயச் சட்டத்தைக் கொண்டே பொருள் காண முடியும் என்பதால் அதுவே உரிய சட்டம் என்றாயிற்று. ஆனால் தீர்ப்பின் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உரிய சட்டம் ஆங்கிலேயச் சட்டம் என்று சொன்ன அதே சபை, வழக்கை இங்கிலாந்தில் நடத்த அனுமதிக்கவில்லை. சட்டமும் மன்றமும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு வாணிப நடவடிக்கையில் ஒரே ஒரு ஒப்பந்தம் இருப்பதும் அரிது. விற்பனை ஒன்று, கப்பல் போக்குவரத்து ஒன்று, காப்பீடு ஒன்று, பணம் பட்டுவாடாவுக்கு வங்கி திறக்கும் எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதம் ஒன்று; இந்தக் கடிதத்துக்குள்ளேயே வங்கிக்கும் வங்கிக்கும், வங்கிக்கும் விற்பவருக்கும் என்று தனித்தனி ஒப்பந்தங்கள். இத்தகைய கடிதங்களுக்கு உலக வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளில் ஆளும் சட்டம் பற்றிய விதியே கிடையாது. 1994-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க் ஆஃப் பரோடா எதிர் வைசியா பேங்க் வழக்கில் வழக்காடிய இரண்டும் இந்திய வங்கிகள். கடிதத்தைத் திறந்தது இந்தியாவில். ஆனால் அதற்குத் தன் உறுதியைச் சேர்த்தது பரோடா வங்கியின் லண்டன் அலுவலகம். அந்த உறுதியின்படி பணம் கொடுக்க வேண்டியதும் லண்டனில். ஆகவே இரு வங்கிகளுக்கிடையேயான உறவும் ஆங்கிலேயச் சட்டத்தின்கீழ் வந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்துச் சட்டத்தை ஊகிப்பவர்களுக்கு இந்த வழக்கை எடுத்துக் கொடுப்பது இக்கட்டுரையாளரின் வழக்கம்.

நடுவர் தீர்வு வந்தபின் இந்தத் துறை இன்னொரு மடிப்பு மடிந்தது. ஒப்பந்தத்தை ஆளும் சட்டம், நடுவரிடம் செல்வது என்ற உடன்பாட்டை ஆளும் சட்டம், நடவடிக்கையை ஆளும் அமர்விடத்துச் சட்டம் என மூன்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். தேசிய அனல் மின் கழகம் எதிர் சிங்கர் கம்பெனி என்ற 1992-ஆம் ஆண்டு வழக்கில், டெல்லியில் ஒப்பந்தமாகி இந்தியாவில் இயந்திரங்களை நிறுவித் தரவேண்டிய பணிக்கு இந்தியச் சட்டம் ஆளும் என்று எழுதியிருந்தது. பன்னாட்டு வணிக மன்றத்தின் நடுவர்கள் லண்டனில் அமர்ந்து தீர்ப்பளித்தனர். ஒப்பந்தத்தின் சட்டம் இந்தியச் சட்டமாதலால் நடுவர் உடன்பாட்டையும் அதுவே ஆளும், எனவே அத்தீர்ப்பை ரத்துசெய்யக் கோரும் மனுவை இந்திய நீதிமன்றம் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2012-இல் பால்கோ வழக்கின் அரசியலமைப்பு அமர்வு, அமர்விடம் வெளிநாடாயின் அந்நாட்டு நீதிமன்றமே நடுவர் தீர்ப்பை ரத்துசெய்ய முடியும் என்ற நிலையை உறுதிசெய்ததால், சிங்கர் தீர்ப்பின் அந்தப் பலன் பழங்கதையாயிற்று. உரிய சட்டத்தை அது விளக்கிய பகுதி மட்டும் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இங்கிலாந்தும் அமர்விடத்தின் பக்கமே நகர்ந்திருக்கிறது: 2020-இல் எங்கா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முதன்மை ஒப்பந்தத்தின் சட்டத்துக்கு முன்னுரிமை தந்தது; ஆனால் 1 ஆகஸ்ட் 2025 முதல் நடப்புக்கு வந்த புதிய நடுவர் சட்டம், கட்சிகள் வெளிப்படையாக வேறு சொல்லாதவரை அமர்விடத்துச் சட்டமே நடுவர் உடன்பாட்டை ஆளும் என்று மாற்றிவிட்டது.

ஷரத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது என்னவாகும் என்பதை 2025-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த டிஸ்ஆர்த்தோ எதிர் மெரில் வழக்கு காட்டுகிறது. கொலம்பிய விநியோகஸ்தருக்கும் இந்திய மருத்துவக் கருவி நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து இந்தியச் சட்டமும் குஜராத் நீதிமன்றங்களும் என்றது. இன்னொரு ஷரத்து பொகோட்டாவில் அந்நகர வணிகச் சபையின் விதிப்படி நடுவர் தீர்வு என்றது. ஒப்பந்தத்தை ஆளும் சட்டமே நடுவர் உடன்பாட்டையும் ஆளும் என்ற அனுமானத்தைக் கொண்டு, இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. எவர் வென்றார் என்பதைவிட, தகராற்றின் சாரத்தைத் தொடுமுன்பே உச்ச நீதிமன்றம் வரை போய்வர வேண்டியிருந்தது என்பதே வணிகர் கவனிக்க வேண்டிய செலவு.

வெளிநாட்டுச் சட்டம் பொருந்தும் என்று நிலைநாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். இந்திய நீதிபதிக்கு இந்தியச் சட்டம் தெரியும் என்று கொள்ளப்படும். அயல்நாட்டுச் சட்டமோ அவர் முன்னே வெறும் பொருண்மை, அதாவது மற்றச் சங்கதிகளைப் போலவே மனுவில் எடுத்துச் சொல்லி, அந்நாட்டு வல்லுநரின் சாட்சியம் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய ஒன்று. இதைச் செய்யாவிட்டால் அந்தச் சட்டமும் இந்தியச் சட்டத்தைப் போன்றதே என்று வைத்துக்கொண்டு வழக்கு நடக்கும். வல்லுநருக்குக் கொடுக்கும் கட்டணத்தை நினைத்து, ஆங்கிலேயச் சட்டம் என்று எழுதிய ஒப்பந்தங்களின் மேல் இரு தரப்பும் வாய்திறவாமல் இந்தியச் சட்டத்தின்படியே வாதாடி முடிப்பது கீழ்நிலை நீதிமன்றங்களில் அபூர்வமல்ல; தொகை சிறிதாக இருக்குமிடத்தில் அதைக் குறைசொல்லவும் முடியாது.

காலவரம்பு மட்டும் அப்படி விட்டுவிடக்கூடியதன்று. ஒப்பந்த மீறலுக்கு வழக்கிட இங்கிலாந்தில் 6 ஆண்டு, இந்தியாவில் 3 ஆண்டு. ஆளும் சட்டம் ஆங்கிலேயச் சட்டம்தானே, 6 ஆண்டு இருக்கிறது என்று இந்திய நீதிமன்றத்தில் வழக்கிட நினைப்பவர் நாலாம் ஆண்டில் வந்தால் கதவு மூடியிருக்கும். வெளிநாட்டில் செய்த ஒப்பந்தத்தின் பேரில் இங்கே தொடுக்கும் வழக்குக்கும் இந்தியக் காலவரம்பே பொருந்தும் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் இதற்கு மாறாக, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆளும் சட்டத்தின் காலவரம்பையே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்தியச் சட்டத்தால் ஆளப்படும் ஒப்பந்தத்தை லண்டனுக்குக் கொண்டுபோனாலும் 3 ஆண்டுக் கணக்கு கூடவே போகும்.

தேர்வு எட்டாத இடங்களும் உண்டு. அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் போன்றவை ஒப்பந்தத்தில் எந்நாட்டுச் சட்டம் எழுதியிருந்தாலும் இந்தியாவிலிருந்து பணம் வெளியேறும் இடத்தில் குறுக்கே நிற்கும். ஆயினும் அச்சட்டத்தின் மீறல் ஒன்றைக் காட்டியே அயல்நாட்டு நடுவர் தீர்ப்பைத் தள்ளிவிட முடியாது என்று 2020-இல் விஜய் கரியா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. இரண்டு இந்திய நிறுவனங்கள் தங்களுக்குள் வெளிநாட்டை நடுவர் அமர்விடமாக வைத்துக்கொள்ளலாம் என்பது 2021-இல் ஜூரிச்சை அமர்விடமாகக் கொண்ட பாசல் வழக்கில் உறுதியாயிற்று; ஆனால் அமர்விடம் இந்தியாவாக இருந்து இரு தரப்பும் இந்தியராகவும் இருந்தால், 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி இந்தியச் சட்டத்தைக் கொண்டே தீர்க்க வேண்டும்.

பெரிய பையர் அனுப்பும் அச்சடித்த நிபந்தனைகளில் சட்டத்தின் பெயரை மாற்றவைக்கும் பலம் சிறு ஏற்றுமதியாளருக்கு இராது என்பது உண்மையே. அதற்காகக் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விட வேண்டியதில்லை. சட்டம், மன்றம், அமர்விடம் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா, வழக்கிடும் காலவரம்பு எத்தனை ஆண்டு, கடனாளியின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை ஆர்டரை ஒப்புக்கொள்ளுமுன் கேட்டு, விடையைக் கோப்பின் முதல் தாளிலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். முரண்பட்ட ஷரத்தைத் திருத்தச் சொன்னால் பெரும்பாலான பையர்கள் மறுப்பதில்லை.